பொங்கியண்ணனுக்குத் துணை வந்தவள்

இது நடந்த விஷயம். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் பாலக்காட்டை ஒட்டிய வடகரப்பதிப் பக்கம் வந்து, அந்தக் காலத்து ஆட்கள் யாரையாவது விசாரித்துக்கொள்ளலாம். பொங்கியண்ணன் பேரைச் சொன்னதும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. மனுஷனுக்குக் கிணற்றுப் பாசனத்தில் நிலம், முறுக்கிய மீசை, எவனையும் மதிக்காத வாய். அந்த வாயில் இருந்த பற்கள்தான் அவருக்குப் பெரிய பெருமை. கொட்டைப்பாக்கைக் கடித்து உடைத்துக் காட்டுவார். யாராவது பல்வலி என்று கன்னத்தைப் பிடித்தால் போதும், நடுத்தெருவில் நிறுத்தி வைத்து, "பல்லுப் புடுங்கப் பயப்படறவனுக்கு மீசை எதுக்குடா? செரைச்சுப் போட்டு வா" என்பார்.

அப்பேர்ப்பட்ட மகாவீரருக்கு 1974 ஆடி மாதம் கடைவாய்ப் பல் வலித்தது. ஈறு வீங்கிச் சீழ் கோத்தது. வெற்றிலை போட்டுப் போட்டு மற்ற பற்களும் வேரில் ஆடிக்கொண்டிருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்குத் தெரியாமல் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினார். முதல் தடவை டாக்டரின் நாற்காலியைப் பார்த்ததுமே, ஒண்ணுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவிட்டார். இரண்டாம் தடவை பல் பிடுங்கும் குறட்டைப் பார்த்த பயத்தில் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார். என்ன வீரம்!

டாக்டர் மலையாளி. நல்ல மனுஷன். விரலை உதறிக்கொண்டே சொன்னார்: "இத்தனை பயம்னா மயக்க ஊசி போட்டு எடுக்கலாம். பாதி உறக்கம். சத்தம் கேக்கும், வலி தெரியாது. பக்ஷே கூட உங்க ஆள் ஒருத்தர் இருக்கணும் கேட்டோ. ஆள் இல்லாம நான் ஊசி தொட மாட்டேன்."

யாரைக் கூட்டிப் போவது? தம்பி குப்பண்ணனைக் கூப்பிட்டால், பல்லுக்குப் பயந்து அண்ணன் மயக்க ஊசி போட்டுக்கொண்ட கதை பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவிவிடும். இத்தனை வருஷம் யார் யாரைப் பார்த்துச் சிரித்தாரோ, அத்தனை பேரும் திருப்பிச் சிரிப்பார்கள். அதற்குச் செத்தே போகலாம் என்று நினைத்தார். மூன்றாம் தடவையும் தனியாகத்தான் போனார்.

"கூட யாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஊட்டுக்காரி வர்றாளுங்க. அடுத்த பஸ்ஸுல."

"பேரு?"

"பழனாத்தா."

வாய் கூசாத பொய். பழனாத்தாள் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கும் பல்வலிதான். தாடை வீங்கி, கழுத்து வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி இவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த ஆள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பல்லு வலியில செத்தவ எவளாச்சும் உண்டா?" என்று சிரித்தார். மூன்றாம் நாள் மூச்சு அடைத்துச் செத்துப்போனாள். ஒரு பெண்சாதியைச் சாகக் கொடுத்துவிட்டு, அவள் பேரையே துணைக்குச் சொல்கிறார். இவரை எதில் சேர்ப்பது?

மத்தியானம் மணி மூன்று. வெளியே ஆடிக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இவரோட வீட்டுக்கார சேச்சி வந்தாச்சு சாரே. பெஞ்சில இருக்காங்க."

பொங்கியண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வேறு எவளோ ஒருத்தியைப் பார்த்து நர்ஸ் ஏமாந்துவிட்டாள், நமக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஊசி இறங்கியது.

நாக்கு கனத்தது. கண் செருகியது. கைகால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"சேச்சி, உள்ளே வாங்க. பக்கத்தில் இருங்க."

தொப்...

கொஞ்சம் இடைவெளி.

தொப்...

ஒரு கால் வைத்து மறு கால் வைக்கும் சத்தம் இல்லை அது. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் விழும் சத்தம்.

தொப்... பக்கத்தில் வந்து நின்றது. ஈர மண் வாசனை அடித்தது. மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சில்லென்று இருந்தது.

"கழிஞ்சு. ஒண்ணு எடுத்தாச்சு," என்றார் டாக்டர். தட்டில் 'டங்' என்று விழுந்தது. "பக்கத்துப் பல்லும் ஆடுது. எடுக்கட்டா சேச்சி?"

"எடுங்க."

வாயைத் திறக்காமல், பல்லுக்குள்ளேயே பேசிய குரல்.

பொங்கியண்ணனுக்குத் தெரிந்த குரல்.

கத்தினார். சத்தம் வரவில்லை. கையை இழுத்தார். கை அசையவில்லை.

டங்...

"இதும் கொள்ளாது, ஆடுது. எடுக்கட்டா?"

"எடுங்க."

டங்...

"மேலேயும்?"

"எடுங்க..."

டங்... டங்...

அவர் கண் விழித்தபோது மணி ஐந்தேகால். நாக்கை மெல்லத் துழாவினார். மேலே இல்லை. கீழே இல்லை. பஞ்சு மட்டும் இருந்தது.

தாடையைச் சுற்றி உச்சந்தலைவரை ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. குனிந்து பார்த்தார்.

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

நர்ஸ் ஓடிவந்து அந்தக் கட்டைக் கத்தரியால் வெட்டினாள். "உங்க சேச்சிதான் கட்டினது. உறக்கத்தில் உருண்டு விழாம இருக்கணும்னு சொன்னாங்க. எல்லாப் பல்லையும் எடுக்கச் சொன்னதும் அவங்கதான். 'அவருக்குப் பயமுங்க, இன்னொருக்கா வரமாட்டாரு, இன்னைக்கே எடுத்துருங்க'ன்னாங்க. பாவம், அவங்களுக்கும் பல்வலி போல. முகத்தில் துணி கட்டியிருந்தாங்க. டாக்டர் பார்க்கட்டான்னு கேட்டார்."

பொங்கியண்ணன் தாடைக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"'எனக்கு நேரம் போயிருச்சுங்க'ன்னாங்க. பின்னே அந்தத் துணியை அவுத்து உங்களுக்கே கட்டிட்டு, விறுவிறுன்னு நடந்து போயாச்சு."

எந்தப் பஸ்ஸில் ஏறினார், எங்கே இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. தாடைக் கட்டின் முடிச்சை அவிழ்க்க அவர் விரல் வரவில்லை. துண்டை முக்காடு போட்டு மூடிக்கொண்டார். வீட்டு வாசலில் குப்பண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"என்னுங்ண்ணா இது கோலம்?" என்று சிரித்தபடி துண்டை இழுத்தான்.

சிரிப்பு அப்படியே நின்றது. கிட்டே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தான். செவ்வண்ணக் கரை. மடிப்பெல்லாம் களிமண். பல்லில்லாத வாயால் பொங்கியண்ணன் நடந்ததை உளறிக் கொட்டினார். குப்பண்ணன் இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணா... இது நங்கையாளோட சீலை. செத்த அன்னைக்கு இதைக் கிழிச்சுத்தான் வாய்க்கட்டும் கால்கட்டும் போட்டது. என்ற கையாலதான் போட்டேன்." அண்ணியை அவன் நங்கையாள் என்றுதான் சொல்லுவான்.

"பொதைச்சாச்சேடா..." பொங்கியண்ணனின் குரல் காற்றாக வந்தது.

"குழிக்குள்ள எறக்குனதும் கட்டெல்லாம் அவுத்து உடோணும்ங்ண்ணா. அதுதானே மொறை. நான் அவுக்கக் குனிஞ்சேன். மழை தூறுச்சு. 'செத்தவளுக்கு என்னடா வலிக்கப் போவுது, மண்ணைத் தள்ளு'ன்னு நீங்கதான் சிரிச்சீங்க..."

குப்பண்ணன் அந்தத் தாடைக் கட்டைக் காட்டினான்.

"அவுக்காமத்தான் மூடுனோம்."