மீன் மணக்கும் கிற்றார்

"நீ ஒட்டுற கிற்றார் நான் வருமட்டும் பிரியாம நிக்குமே, மகள்?" என்று குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அம்மா தொலைபேசியில் சிரித்தார். அவர் உழைப்பில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்; படித்துவிட்டுக் கிற்றார் செய்கிறேன். அந்தச் சிரிப்பு இன்னும் சுடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு கருவாட்டுக் கடை. மீனின் வயிற்றிலிருந்து எடுத்து உலர்த்திய காற்றுப்பைகளை வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். இவற்றைக் காய்ச்சிய பசை கண்ணாடிபோல் இறுகி, தந்தியின் ஒலியை மரத்துக்குக் கடத்தும்.

"கறிக்கோ, பிள்ளை?" என்கிறார் கடைக்கார அக்கா.

"இல்லை அக்கா, கிற்றார் ஒட்ட."

"ஐயோ, பாட்டும் மீன் மணக்கப் போகுது!"

"மணக்கட்டும். அம்மா அங்க அந்த மணத்துக்குத்தான் ஏங்குறா."

வீட்டுக்குப் போகும் மூதூர் பஸ் புறப்படுகிறது. மடியிலிருக்கும் போத்தல் தண்ணீரில் காற்றுப்பைகள் பசை காய்ச்சுவதற்காக ஏற்கெனவே ஊறத் தொடங்கிவிட்டன.