வெட்டிய நான்கு நிமிடங்கள்

"அக்கா, எங்கப்பா தவறிட்டாருக்கா. கல்யாணத்துல மேடையில பாடினாரே, அது வேணும். சாயங்காலம் எடுக்கிறதுக்குள்ள அந்தக் குரல ஒரு தடவ கேக்கணும்."

காலை ஒன்பது மணி. சிங்கப்பூரை ஒட்டிய ஸ்கூடாய் ஊரில் கல்யாண வீடியோ தொகுப்பது என் வேலை. அழைத்தவள் சிகாமட் ஊர்ப் பெண், என் பழைய வாடிக்கையாளர். அவள் கல்யாணத்தில் அப்பா குடித்துவிட்டு மேடையேறி, மைக்கைப் பிடுங்கி, அழுதுகொண்டே நான்கு நிமிடம் பாடினார். "மானம் போவுதுலா, வெட்டிடுங்க" என்று அப்போது கேட்டவளும் அவள்தான். வெட்டினேன்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்த முப்பத்தெட்டு ஜிபி கோப்பு. மறுபடி முழுசாக அனுப்ப ஒரு நாள் ஆகும். அதனால் 'பேட்ச்' ஒன்று செய்தேன். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அடங்கிய சின்னக் கோப்பு அது. அவர்கள் கணினியில் இருக்கும் பழையதன்மேல் அதை ஓட்டினால் புதியது உருவாகிவிடும். மூன்று எம்பிதான்! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போதுதான் உறைத்தது. 'இந்த இடத்தைத் தாண்டிப் போ' என்பது மட்டுமே பேட்ச்சில் இருக்கும். தாண்டிய நான்கு நிமிடம் அதில் இருக்காது. டிஸ்கில் இடமில்லையென்று என்னிடமிருந்த பழையதை அழித்து மாதக்கணக்காகிறது. அவள் கணவருக்கு அன்று அனுப்பிய குறிப்பைத் தேடிப் படித்தேன். கடைசி வரி: "முடிந்ததும் பழையதை அழித்துவிடுங்கள்."

அடிப்பாவி, யார் கேட்டார்கள் உன்னை?

"வீட்டுக்காரருக்குப் போன் போட்டியாம்மா?"

"நான் அப்பா வீட்டுல இருக்கேன், அவரு சிங்கப்பூர் ஃபேக்டரிலக்கா. போன் லாக்கர்ல இருக்கும். பன்னெண்டு மணிக்குத்தான் எடுப்பாரு."

மூன்று மணி நேரம். அழித்ததை மீட்கும் மென்பொருளை டிஸ்கில் ஓட்டினேன். யார் யாரோ தாலி கட்டிக்கொண்டார்கள், அவள் அப்பா மட்டும் வரவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று எழுதி எழுதி அழித்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கணவர் அழைத்தார்.

"அக்கா, அந்தப் பேட்ச்… திட்டாதீங்க. கம்ப்யூட்டர்ல இடம் பத்தலன்னு பாதியில நின்னுடுச்சு. அவ கோவத்துல இருந்தா, முடிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். அவளும் தொறந்தே பாக்கல."

"அப்ப பழசு?"

"அப்படியே இருக்குக்கா."

சொன்னதைச் செய்யாதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று மேசையில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். "வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு அவகிட்ட ஓடுங்க தம்பி" என்றேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. சுருதி விலகி அப்பா பாடிக்கொண்டிருந்தார். பாதியில் அவளும் சேர்ந்து பாடினாள்.