நிழல் வேண்டாத ஓணான்

மதினியை நினைத்தாலே, தாடைக்குக் கீழே விரல்களை விரித்து வைத்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டுகிற அந்த நடிப்புதான் கண்முன் வருகிறது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், “எங்க கொழுந்தனாரு காலேஜுல பெரிய வாத்தியாரு. என்ன வேலைங்கீய? ஓணான் எண்ணுதாரு!” என்று சொல்லிவிட்டு, அந்த ஓணான் மாதிரியே செய்து காட்டுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அதை விடவில்லை. அப்படியும் எனக்குப் பெண் கொடுத்தார்கள்.

அண்ணன் இறந்த பிறகு, பனவடலிசத்திரம் போகும் வழியில் இருந்த எங்கள் கரிசல் காட்டை மதினிதான் பார்த்துக்கொண்டார். அதன் மேற்கு ஓரத்தில் ஏர் இறங்காத ஒரு சரளை மேடு. நான் எண்ணிய ஓணான்கள் அங்கேதான் இருந்தன. வேலியிலும் மரத்திலும் ஏறித் திரிகிற பெரிய ஓணான் அல்ல இது. தரையை விட்டு அதிகம் மேலே ஏறாத சின்ன வகை. சித்திரை வெயிலில் ஒவ்வோர் ஆணும் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று தொண்டைத் தோலை விசிறி போல விரிக்கும். அதில் நீலம் பளிச்சிடும். வெட்டவெளியும் சுடுகல்லும் இருந்தால் போதும், அதற்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆண்டுதோறும் சித்திரையில் அதே இடங்களுக்குப் போய் எண்ணினேன். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்துப் பொட்டல்களிலும் தாராளமாக இருந்தன. பிறகு ஒரு பொட்டலில் பிளாட் கல் ஊன்றினார்கள். இன்னொன்றில் கம்பிவேலி போட்டு சோலார் தகடுகளை நிறுத்தினார்கள். நடுவே ரோட்டை அகலப்படுத்தினார்கள். விரட்டப்பட்டவையெல்லாம் மதினியின் மேட்டில் வந்து அடைந்ததால் ஓரிரு ஆண்டுகள் அங்கே கூட்டம் கூடியது. பெருகிவிட்டதென்று மதினி சந்தோஷப்பட்டார். அது பெருக்கம் இல்லை, நெரிசல். கொஞ்ச காலத்தில் அங்கும் குறையத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அதைப் பார்க்க முடியவில்லை.

சோலார்காரர்கள் அந்த மேட்டையும் விலைக்குக் கேட்டு வந்தார்கள். “அங்கன எங்க கொழுந்தனாரு ஓணான் கெடக்கு. குடுக்க முடியாது” என்று மதினி திருப்பி அனுப்பினார். ஊரே சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்குப் பிறகு என்னை வடக்கே மாற்றினார்கள். சில ஆண்டுகள் எண்ணுவது நின்றுபோனது. மாற்றலாகித் திரும்பி வந்த மறுநாளே மதினி என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு காட்டுக்கு விடச் சொன்னார். போய்ப் பார்த்தால் மேட்டைக் காணோம், தோப்பு நிற்கிறது! சரளையை எல்லாம் பொறுக்கி வரப்போரம் குவித்து, வேம்பும் புங்கையும் நட்டு, போர்வெல்லிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டு வளர்த்திருந்தார்.

“வெயில்ல கெடந்து வதங்குதுவளேன்னு பாவமா இருந்துச்சு. இப்பம் பாருங்க, எப்படி வளந்திருக்குன்னு” என்று ஒரு புங்கை மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் பெரிய வேலி ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே பேர்தானே. நிழல் விழுந்த அந்தத் தரையில் நான் எண்ணிய ஓணான் ஒன்றுகூட இல்லை.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே மதினி விடாமல் கேட்டார். அது வேறு ஓணான், இதற்கு நிழல் ஆகாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்து வெயிலில் ஓர் உயிருக்கு நிழல் கொடுப்பதைவிடப் பெரிய புண்ணியம் என்ன இருக்கிறது? அவர் அதைத்தான் செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

“அப்பம் வெட்டிப் போட்டுருதேன். வந்துரும்லா?”

“எங்கன இருந்து வரும் மதினி? சுத்துவட்டாரத்துலயே இல்லியே.”

மதினி கேட்கவில்லை. பார்த்துப் பார்த்து வளர்த்த மரங்களை ஆள் விட்டு வெட்டினார். குவித்த சரளையை மறுபடி பரப்பினார். தள்ளியிருக்கிற திருவேங்கடம் ஊர்ப் பக்கமிருந்து நாலு ஓணானைப் பிடித்துவந்து விடுவோமா என்றுகூடக் கேட்டார். சுற்றிலும் அடைபட்டுப்போன அந்தத் துண்டு நிலத்தில் நாலைக் கொண்டுவந்து சாகவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சித்திரையில், குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “வழி தப்பியாவது ஒண்ணு வராதா?” என்றார். ரோடும் கம்பிவேலியும் பிளாட்டும் தாண்டி அது எப்படி வரும்? அதற்கடுத்த சித்திரையிலும் போய் உட்கார்ந்தார்.

மதினி போன ஆண்டு காலமானார். போன வாரம் சென்னையிலிருந்து அவருடைய மகன் போன் செய்தான்.

“சித்தப்பா, சோலார்காரங்க திரும்பவும் கேக்காங்க. அம்மா ஓணானுக்காவத்தான குடுக்காம வச்சிருந்தா. இப்பம் அங்கன ஏதும் இருக்கா?”

“இல்ல மக்கா.”

“அப்பம் குடுத்துரலாம்லா?”

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. “குடுத்துரு” என்றேன்.