சின்னச் சக்கரத்தில் செய்யூருக்கு

பெரிய வண்டிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சிங்கப்பெருமாள் கோயிலில் பெயிண்டு, குழாய், ஆணி விற்கிற கடை என்னுடையது. கல்லாவில் உட்கார்ந்தால் ஜி.எஸ்.டி. ரோடு நன்றாகத் தெரியும். ஆள் உயரத்துக்கு ஒரு எஸ்.யூ.வி. போகும். அதன் ரிம் நாங்கள் விற்கிற பிளாஸ்டிக் அன்னக்கூடை அகலத்துக்கு இருக்கும். அதைச் சுற்றி டயர் என்ற பெயரில் வளையல் மாதிரி கொஞ்சம் ரப்பர். "இது வண்டியா, நகைக்கடையா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பேன். ஆணி வாங்க வந்த குற்றத்துக்கு அவர்களும் முழுப் பிரசங்கத்தையும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

அப்படிப்பட்ட நானே எஸ்.யூ.வி. வாங்க வேண்டியதாயிற்று. காரணம் என் மனைவியின் இடுப்பு. முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அது செய்யூர் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். பஸ்ஸில் போனால் குலுக்கல். எங்கள் பழைய சின்னக் காரில் தரையோடு தரையாக உட்கார்ந்தால் அவளை எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். "கடலை வெதைக்கறப்பவும் போவல, புடுங்கறப்பவும் போவல. தம்பி என்னை மறந்தே பூட்டிருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குலுங்காமல் போக முடிந்தால் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயரமான வண்டி, கொழுத்த டயர், இந்த இரண்டும் இருந்தால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன்.

நான் வண்டி விசாரிப்பது எப்படியோ வெளியே தெரிந்து ஒரு கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் செய்கிற வண்டியை விற்பனைக்கு விடுவதற்கு முன்னால், வாங்கப்போகிற ஆட்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார்களாம். மாமல்லபுரம் பக்கம் கடலோர விடுதியில் வைத்திருக்கிறோம், மனைவியையும் கூட்டி வாருங்கள், மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள். எனக்கோ பெரிய ரிம்மைப் பற்றி நாலு வார்த்தை கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த ரோடு நல்ல ரோடு என்பதால் அவளும் இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலிலேயே போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பதில் சொல்லிவிடக் கூடாதென்று புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனியாக உள்ளே அனுப்பினார்கள். ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. பெயர் இருக்கிற இடத்தில் கறுப்பு டேப். இடது பக்க வண்டிக்குச் சின்ன ரிம், வலது பக்க வண்டிக்குப் பெரிய ரிம். மற்றபடி வித்தியாசம் இல்லை. பக்கத்தில் ஓர் இன்ஜினீயர் பெண் டேப்லெட்டோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, எதுக்கு இவ்ளோ பெரிய ரிம்?" என்று ஆரம்பித்தேன்.

அவள் சலித்துக்கொள்ளவில்லை. "வண்டி உயரமாயிடுச்சு சார். சின்னச் சக்கரம் போட்டா யானைக்குப் பூனைக்கால் வெச்ச மாதிரி தெரியும். வெயிட்டும் அதிகம், நிறுத்தப் பெரிய பிரேக் வேணும். அது உள்ள அடங்கணும்னா ரிம் பெரிசாகும். ரிம் பெரிசாக ஆக, டயரோட ரப்பர் ஒல்லியாகும். வளைவுல வண்டி அலையாது."

"குழியில?"

"குழியில தூக்கிப் போடும் சார்" என்றாள். நேர்மையான பெண். "இந்த வண்டி பிரேக்குக்கு இடது பக்க ரிம்மே போதும். அதுக்கு மேல பெரிசு வேணுமான்னு கேக்கத்தான் உங்களக் கூப்பிட்டிருக்கோம். எது புடிச்சிருக்குன்னு கை காட்டுங்க."

பார்த்தேன். இடது பக்க வண்டி நல்ல வண்டிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வலது பக்க வண்டி, கஞ்சி போட்ட வேட்டி கட்டின மாப்பிள்ளை மாதிரி நின்றது. என் கை தானாக வலது பக்கம் நீண்டது. அந்தப் பெண் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள், சிரித்திருந்தாலாவது தேவலை.

சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "எதக் காட்டின?"

"நீங்க?"

"நீ சொல்லு முதல்ல."

"பெரிசு" என்றாள் சோற்றைப் பார்த்துக்கொண்டே.

"உன் இடுப்பு?"

"நீங்க எப்படியும் சின்னதத்தான் காட்டுவீங்கன்னு நெனச்சேன். தெனம் கடையில கத்திகினு கீறீங்களே. வூட்டுக்கு ஒருத்தர் சொன்னாப் போதாதா?"

நானும் அதையேதான் நினைத்தேன் என்று அசடு வழிந்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் பிரசங்கம் ஊருக்கு மட்டும்தான் என்று புரிந்தது. சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் வலது பக்கம்தான் கை காட்டியிருப்பார்கள். இத்தனை நாளும் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். செய்யச் சொன்னவர்கள் நாங்கள்தான்.

பிறகு செங்கல்பட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அங்கேயும் அதே கதை: மேல் மாடலுக்குப் பெரிய ரிம், கீழ் மாடலுக்குச் சின்ன ரிம். "மேல் மாடல்தான் சார் கெத்து" என்றார் விற்பனை செய்கிற தம்பி.

"கண்ணால பாத்தா நாம ஏமாந்துடுவோம். ரெண்டுலயும் குந்திப் பாக்கலாம்" என்றாள் மனைவி.

ஏரிக்கரைப் பக்கம், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த ரோட்டுக்கு வண்டியை விடச் சொன்னேன். மேல் மாடலில் முதல் குழியோடு அவள் பேச்சு நின்றது. வாயைத் திறக்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ரோடு சரியில்ல மேடம்" என்றார் தம்பி. "எங்க மாமனார் ஊருக்கு இந்த மாதிரி ரோடுதான் தம்பி போவுது" என்றேன். அடுத்து கீழ் மாடலில் அதே குழிகள். மூன்றாவது குழியைத் தாண்டும்போது என் தங்கை வீட்டு விசேஷத்தில் வடை பத்தாமல் போன கதையை எடுத்தாள். திரும்பி வருகிற வரை நிறுத்தவில்லை. என் வீட்டு மனுஷர்களை இவ்வளவு திட்டிக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கீழ் மாடலையே எழுதிக்கொள்ளச் சொன்னோம். வெளியே வரும்போது இரண்டு பேரும் அந்த மேல் மாடலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தோம்.

வண்டி வந்த வாரமே செய்யூருக்குப் புறப்பட்டோம். அவள் இறங்கும்போது கால் வைக்க, பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள், சவுக்குத் தோப்பு தாண்டிக் கிராமத்து ரோட்டில் இறங்கியதும் சட்டென்று அடங்கிவிட்டாள். வண்டியை மெதுவாக்கினேன்.

"வலிக்குதா?"

"இல்ல. கடலை பூத்துக்கீது" என்றாள். ஜன்னலுக்கு வெளியே கடலைக் கொல்லை முழுக்கப் பச்சைக்குள் மஞ்சள் புள்ளிகளாக இருந்தது.

வீட்டு வாசலில் மச்சான் நின்றிருந்தான், அவளுடைய தம்பி. அக்காவை வா என்று கேட்கக்கூட இல்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றிக் குனிந்து பார்த்தான். "இன்னா மாமா, இம்மாம் பெரிய வண்டி வாங்கிட்டு சக்கரத்துல போயி கஞ்சத்தனம் பண்ணிகீறீங்க?"

அவனுக்குப் பதில் சொல்லாமல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடினேன். கதவு திறந்திருந்தது. சீட்டில் ஆள் இல்லை. கையை இடுப்பில் வைக்காமல், நிமிர்ந்து, வாசல் நடையைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன்.

"பெரிசு போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும் மாமா" என்றான் அவன், விடாமல்.

சக்கரத்தைப் பார்த்தேன். "இருந்திருக்கும் மச்சான்" என்றேன். உள்ளே அவள், மச்சான் பெண்டாட்டியிடம் அந்த வடைக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது.