குறில் சவரிமுத்து, நெடில் சவரிமுத்து

கிரெடிட் மேனேஜர் என்பவர் கடன் கொடுப்பவர் என்றொரு நம்பிக்கை நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அதை வன்மையாக மறுக்கிறேன். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்வதற்கே அவருக்குச் சம்பளம். தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் பம்பு மோட்டார் மொத்த வியாபாரி ஒருவரிடம் அந்த வேலை பார்த்தேன். அதே நாற்காலியில் அவதிப்பட்டவர்களுக்கு மேல்விளக்கம் தேவையிராது.

தவணை

எரியோட்டில் மோட்டார் கடை வைத்திருந்த சவரிமுத்து கணக்குத் தொடங்க வந்தார். நாற்பத்தைந்து நாள் தவணை, தவறினால் சரக்கு நிற்கும் என்று விதிகளை ஓதினேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"நான் முப்பது நாள்லயே கட்டிருவேன் சார். மிச்சம் பதினஞ்சு நாளு என்ன செய்யிறது?"

இனிஷியல்

கோடையில் ஒருநாள் மூச்சிரைக்க வந்தார். ஒரு விவசாயியின் மோட்டார் புகைந்துவிட்டது, வெங்காயம் வாடுகிறது, இன்றே புது மோட்டார் போகாவிட்டால் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். நம் கிடங்கிலோ, பாக்கி இருக்கிறதென்று தர மறுக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நாற்பத்தைந்து நாளைத் தாண்டிய பாக்கி. அவர் ரசீதுகளை மேசையில் பரப்பினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

குழம்பி, விசாரித்து, மேலும் குழம்பிய பிறகு தெரிந்தது: அதே கடைவீதியில் அவருடைய பெரியப்பா மகனும் கடை வைத்திருக்கிறார். அண்ணன் தம்பியான அப்பாக்கள் இருவருமே தலைமகனுக்குத் தாத்தா பெயரை வைக்க, அவரும் சவரிமுத்து. இவர் அப்பா அருளானந்தம், அவர் அப்பா ஆரோக்கியம். தமிழில் குறிலும் நெடிலும்; கம்ப்யூட்டரில் இருவருக்கும் ஒரே 'ஏ'. இவர் கட்டியதெல்லாம் அவர் கணக்கில் வரவாகியிருந்தது. இரண்டு கணக்கையும் திறந்தவன் நானே. ஆங்கிலத்தின் இந்தக் குறைபாட்டை எடுத்துரைக்கத் தொடங்கினேன்.

"இலக்கணம் இருக்கட்டும் சார். மோட்டார் எங்க?"

மோட்டார்

கிடங்கில் அந்தக் குதிரைத்திறனில் ஒன்றுதான் இருந்தது. கணக்குச் சுத்தமாக இருக்கிறதே என்று, அன்று காலை நானே கையெழுத்துப் போட்டு அதை நெடில் சவரிமுத்துவுக்கு அனுப்பியிருந்தேன். எரியோட்டுக்குப் போன் செய்தேன். அவர் அதை விற்றுவிட்டார். அதே விவசாயிக்கு.

எதிரே நின்ற குறில் சவரிமுத்துவிடம் வருத்தம் தெரிவித்தேன். கணக்கைத் திருத்தி, கடன் வரம்பையும் கூட்டித் தருவதாகச் சொன்னேன். அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் கட்டுன பணத்துல அவன் கணக்கு சுத்தமாச்சு. என் யாவாரமும் அவனுக்கே போச்சு. எனக்கு லிமிட்டக் கூட்டித் தாரீக. சரி, வாரேன் சார்."

அந்தக் கோடையிலிருந்து அருளானந்தம் மகன் சவரிமுத்து, மதுரையில் ரொக்கத்துக்குச் சரக்கு எடுக்கிறார்.