பர்வீன் அக்காவின் கல் மூலை

காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது எதிர்வீட்டுச் செல்வியக்கா போனில் அழைத்தார். "நம்ம பர்வீன் போயிட்டாங்க கண்ணு. நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." எனக்கு உடனே அழுகை வரவில்லை. அந்தக் கல் மூலை இனி யார் தலையில் விழும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள காலிமனையை ஆறு வீட்டார் ஆறு துண்டாகப் பிரித்துக் குளிர்காலக் காய்கறி போடுகிறோம். ஐப்பசி மழை மண்ணை இளக்கியதும் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தத் துண்டு என்று முடிவு செய்வோம். ஐந்து துண்டு நல்ல மண். மேற்கு மூலை மட்டும் கொத்தக் கொத்தக் கல்.

முதல் வருடம் அது எனக்கு விழுந்தது. பர்வீன் அக்கா என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு தன்னுடையதைக் கையில் திணித்தார். "பொஸ்தகம் புடிக்கிற கையில கடப்பாரையா புடிக்கப் போற? போடி, போய் கேரட்டு போடு." அடுத்த வருடத்திலிருந்து அந்த மூலைக்கு நாங்கள் சீட்டே எழுதவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை. பகலெல்லாம் தையல் மெஷின் மிதித்துவிட்டு வந்து அவர் கல் பெயர்த்தார்.

கல்லில் முட்டிய முள்ளங்கி இரண்டு காலாகப் பிரிந்து வளரும். மார்கழியில் அவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கடி, பேண்ட்டுக்கு அளவு எடுக்கச் சொல்லி நிக்கறாட்டம் நிக்குது!" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தபடியே நானும் சிரித்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் மழை விட்டது. இந்த வருடத் திட்டம் பேசக் கூடினோம். முட்டைக்கோஸ் யார், பீட்ரூட் யார் என்பதெல்லாம் சீக்கிரமே முடிந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பமும் ஒரு துண்டு கேட்டிருந்தது.

"அப்ப அந்த மூலைக்கும் சேத்துச் சீட்டு எழுதிடலாமுங்களா?" என்றார் செல்வியக்கா.

ஒருவர் மெல்லச் சொன்னார்: "புதுசா வந்தவங்களுக்கு அதையே குடுத்துட்டா என்னங்க? அவுங்களுக்குக் கல்லு இருக்கறது தெரியவா போவுது?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடி அந்த நிம்மதியே என்னைச் சுட்டது. "எனக்கு விழற துண்ட அவுங்களுக்குக் குடுத்துடுங்க. மூலைய நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

நேற்று கடப்பாரை போட்டேன். சிறிது நேரத்திலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த மூலைதான். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டதை, நான் அவர் செத்த பிறகு, வெட்கம் தாங்காமல் எடுத்துக்கொண்டேன்.