ஏழாம் நம்பர் வண்டிக்கு டிராக்டர் ஆயில்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில், ஆறாவது வளைவோ ஏழாவது வளைவோ, அங்கேதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. டிக், டிக், டிக். அதுவரைக்கும் நான் தரையிலேயே இல்லை. ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரேஸ் கார் ஓட்டி மலை ஏறுகிறேன்! இரண்டாவது கியரில் வளைவைத் திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி உறுமிய உறுமலில் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். பக்கத்தில் எங்க வூட்டுக்காரர் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சத்தம் அது?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க, கல்லு தெறிக்குது."

வாய்க்கொழுப்பு! அது கல் இல்லை என்று எனக்குத் தெரியாதா? இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். சத்தம் தட்டலாகி, தட்டல் இடியாகி, வண்டி இழுக்க முடியாமல் ஓரத்தில் நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த டிராக்டர்க்காரர் கயிறு கட்டிக் கீழே இறக்கிக்கொடுத்தார். வழி நெடுக அவர் பின்னால் திரும்பித் திரும்பி, "அம்மா, ரேஸுல நான்தான் முந்திக்கினு போறேன், பாத்துக்கோங்க!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் எங்களுக்கு ஆயில் கடை. லாரி, டிராக்டர், பம்புசெட்டு, பைக், எதற்கு வேண்டுமானாலும் ஆயில் கிடைக்கும். பதினெட்டு வருஷமாகக் கல்லாவில் நான்தான். மணலூர்பேட்டை பக்கம் இருக்கிற எங்கள் கரும்புக் கொல்லையை எங்க வூட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். எங்கள் ஊர் ஆட்கள் ஆயில் வாங்குவதைப் பார்க்கணும். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார்கள், விரலைப் பிரித்து நூல் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள். "கெட்டியாத்தான் கீது, குடு" என்பார்கள். நானும் அப்படியே பழகினவள்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எந்த ஆயில் என்று மோந்தே சொல்லிவிடுவேன் என்று கடைவீதி முழுக்கப் பீற்றிக்கொள்வேன்.

அந்த வண்டி வந்ததே ஒரு கூத்து. திருநாவலூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பழைய டிரெய்லர் விலைக்கு இருக்கிறது என்று பார்க்கப் போனோம். குடோனில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் தாழ்வாக, நீளமாக, சிவப்பாக ஏதோ தெரிந்தது. சாக்கை இழுத்தால் கார்! இரண்டே கதவு. கதவில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் கறுப்பில் ஏழு. மில்லுக்காரருடைய அப்பா அந்தக் காலத்தில் சோழவரம் ரேஸில் ஓட்டிய வண்டியாம். நான் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அவ்வளவுதான். டிரெய்லர் வாங்கப் போனவர்கள் ரேஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எங்க வூட்டுக்காரர் லாரி குலுங்கும்போதெல்லாம் எட்டி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கினதும், "கரும்பு இதுல எப்படி ஏத்துறது?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணன் ஆறு மாசம் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்துக் கட்டினார். கட்டி முடித்ததும் என்ன ஆயில் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. "டிராக்டருக்கு ஊத்துறதையே ஊத்தேன்" என்றார் எங்க வூட்டுக்காரர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ரேஸ் குதிரைக்கு எருமைத் தீனி போடச் சொல்றீங்களா?" என்று மெக்கானிக் அண்ணன் எதிரிலேயே கேட்டேன். கடையில் இருந்ததிலேயே ஒசத்தி ஆயில், புத்தம்புதுக் கார்களுக்கு ஊற்றுவது, தண்ணி மாதிரி பளபளவென்று இருக்குமே, அதை எடுத்து என் கையாலேயே ஊற்றினேன். அந்த ஆயிலோடுதான் மலை ஏறினது, டிராக்டர் கயிற்றில் இறங்கினது எல்லாம்.

மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திறந்து கேம் ஷாஃப்ட்டை வெளியே எடுத்தார். அது நீளமான ஒரு தண்டு. தண்டு நெடுக முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு புடைப்பும் ஒரு டேப்பட்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். எங்கள் கேமில் இரண்டு புடைப்பு மொழுக்கையாகத் தேய்ந்திருந்தது. நான் விரலால் தடவினேன். மூக்கில்லாத முகத்தைத் தடவினது போல இருந்தது.

"ஆயில் இருந்துது, ஆனா காப்பாத்தலம்மா. இந்தக் காலத்து வண்டியில நடுவுல சின்ன ரோலர் இருக்கும், உருளும். இது பழைய வண்டி, இரும்பும் இரும்பும் நேரா தேயும். அதுக்கு ஆயில்ல ஜிங்க்கு, தேய்மானத்தைத் தடுக்கிற சத்து, ஜாஸ்தி வேணும்" என்றார் அவர்.

புதுக் கார் ஆயிலில் ஜிங்க் கம்மி. சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்கிற சாமானை அது கெடுத்துவிடும் என்று குறைத்துவிட்டார்களாம். பதினெட்டு வருஷமாக ஆயில் விற்கிறேன், எனக்குத் தெரியவில்லை! வெட்கமாகப் போயிற்று. எங்க வூட்டுக்காரர் பக்கத்திலேதான் நின்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அவரோ தேய்ந்த கேமைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வண்டியோடு வந்த மரப்பெட்டியில், கிரீஸ் தடவிப் பழைய பேப்பரில் சுற்றின இன்னொரு கேம் இருந்தது. அதுதான் கடைசி. ஊரெல்லாம் விசாரித்துவிட்டோம், வேறு எங்கேயும் கிடைக்காது. இதற்கு நடுவில் பாண்டிச்சேரி ஓட்டல்காரர் ஒருத்தர் இந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிறுத்தி வைப்பாராம். எஞ்சினைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் பூந்தொட்டி அடுக்குவாராம்! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எங்க வூட்டுக்காரர் நியாயமாகத்தான் பேசினார். "இந்தக் கேமும் போச்சுன்னா வண்டி வெறும் தகரம். அப்ப அவருக்கே குடுத்துடலாம், சரியா?" என்றார். சரி என்றேன்.

அப்புறம் நான் தூங்கினேனா சாப்பிட்டேனா என்றே நினைவில்லை. கடையில் இருக்கிற ஒவ்வொரு டின்னையும் திருப்பி, அத்தனை வருஷம் படிக்காத முதுகுப்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்து, நம்பர், அதன் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து. புரியாததற்கெல்லாம் கம்பெனிக்குப் போன் போட்டேன். "மேடம், நீங்க ஆயில் விக்கறீங்களா, பரீட்சை எழுதறீங்களா?" என்று கேட்டார் ஒருத்தர். "ரெண்டும்தான், ஜிங்க்கு எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றேன். திருநாவலூர் மில்லுக்காரர் தன் அப்பா விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார் என்றார். அட, எனக்கு ஆசை வந்துவிட்டது! மெக்கானிக் அண்ணன்தான் தலையில் அடித்துக்கொண்டார். ரேஸ் முடிஞ்ச கையோட எஞ்சினைப் பிரிச்சிக் கழுவுறவங்களுக்கு அது சரி, நின்னுபோனா உள்ள பிசினா ஒட்டிக்கும் என்றார்.

கடைசியில், நான் எழுதி வைத்த நோட்டில் ஜிங்க் போதுமான அளவுக்கு இருந்து, பழைய எஞ்சினுக்கு ஏற்ற பதத்திலும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடையில் பின்பக்க மூலையில் தூசி படிந்து கிடக்கிற நீல டின். எங்கள் டிராக்டருக்கு ஊற்றுகிற டீசல் ஆயில்! நோட்டை மூடிவைத்து வாய்விட்டுச் சிரித்தேன். டீ வாங்கிவந்த பக்கத்துக் கடைக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார்.

டின்னோடு கொல்லைக்குப் போய் இறங்கினேன். எங்க வூட்டுக்காரர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் திமிரா பேசிட்டேன்" என்றேன்.

"நான் இன்னா தெரிஞ்சா சொன்னேன்? கையில இருந்துது, சொன்னேன்" என்று மூடியைத் திருகினார்.

புதுக் கேம் பிழைப்பதும் சாவதும் முதல் இருபது நிமிஷத்தில்தான். ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சினை நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு ஏற்றி, குறையாமல் இருபது நிமிஷம் ஓட்டணும். மெதுவாக ஓடவிட்டால் கேமுக்கு ஆயில் தெறிக்காது. நடுவில் நிறுத்தக் கூடாது. வண்டியை டிராக்டர் கொட்டகையில் நிறுத்தி, பம்புசெட்டிலிருந்து ஓஸ் பைப் இழுத்து ரேடியேட்டர் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பது என்று ஏற்பாடு. ஓஸ் பிடிப்பது எங்க வூட்டுக்காரர். மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்குரூடிரைவரை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டார். ஆக்சிலேட்டரில் என் கால்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, தூலத்தில் இருந்த புறா எல்லாம் பறந்தது. முள்ளை இரண்டாயிரத்தில் நிறுத்திக் காலை அசைக்காமல் வைத்தேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்குகிறது. மெக்கானிக் அண்ணன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பன்னிரண்டாவது நிமிஷம் ஓஸில் தண்ணீர் நின்றது. பம்புசெட்டு ஓடுகிற மூணு பேஸ் கரண்ட் போய்விட்டது! இத்தனை வருஷமாக அந்த நேரத்துக்குக் கரண்ட் போகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆயில், ஆயில் என்று அலைந்ததில் ஒருத்தருக்கும் கரண்ட் நினைவில்லை. சூடு காட்டுகிற முள் மடமடவென்று ஏறுகிறது.

"நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க!" என்று அண்ணன் கத்துகிறார்.

"தொட்டியில தண்ணி கீது!" என்று நான் கத்துகிறேன்.

பக்கத்துக் கழனியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். எட்டு பேர் இருக்கும், முக்கால்வாசி பொம்பளைங்க. என்ன ஏது என்று கேட்கவே இல்லை. குடம், வாளி, சோறு கொண்டுவந்த தூக்கு, கிடைத்ததை எல்லாம் தொட்டியில் மொண்டு வரிசையாக நின்று கைமாற்றினார்கள். எங்க வூட்டுக்காரர் வாங்கி வாங்கி ரேடியேட்டர் மேல் ஊற்றினார். ஆவி குப்பென்று கிளம்பியது. "இன்னாக்கா, காருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்று ஒருத்தி கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கால் ஆடும், கால் ஆடினால் முள் இறங்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தில் தெறித்தது தண்ணீரா வியர்வையா என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

"இருபது!" என்றார் அண்ணன். நிறுத்தினேன். காதுக்குள் மட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

இனிதான் தீர்ப்பு. ஆயிலை இறக்கிப் பார்க்கணும். சாம்பல் போல லேசாக இருந்தால் பரவாயில்லை. ஜரிகை மாதிரி மினுக்கினால் கேம் செத்தது, போன தடவை அப்படித்தான் மினுக்கியது. எங்க வூட்டுக்காரர் வெள்ளை வேட்டித் துணி ஒன்றை அகலப் பாத்திரத்தின் வாயில் கட்டி, வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நட்டைக் கழற்றினார். சூடாக, கறுப்பாக இறங்கியது. கரும்பு வெட்டுகிறவர்கள்கூட வேலைக்குத் திரும்பாமல் கடைசிச் சொட்டு விழும்வரை நின்றார்கள்.

அவர் பாத்திரத்தை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு வந்து குந்தினார். துணியை விரித்தார். இரும்புத்தூள் ஒட்டுகிறதா என்று காந்தத்தை மேலே ஓட்டினார், திருப்பிப் பார்த்தார், வேட்டி ஓரத்தில் துடைத்தார், மறுபடி ஓட்டினார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் முகத்தில் எப்போது என்ன தெரிந்திருக்கிறது?

"ஓட்டல்காரரு பூந்தொட்டிய வேற எதுலனா வெச்சிக்கட்டும்" என்றார்.

ஓடிப்போய்ப் பாத்திரத்தின் மேல் குனிந்தேன். துணியில் ஒரு மினுக்கம் இல்லை. ஒன்றுகூட இல்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து பொங்கி, அத்தனை பேர் எதிரில் ஓவென்று அழுதேன்.

அவர் பாத்திரத்தை என் முகத்துக்கு அடியிலிருந்து மெதுவாக நகர்த்தி வைத்தார்.

"தள்ளிப் போயி அழு" என்றார். "ஆயில்ல தண்ணி கலந்துடப் போவுது."